கிராம்பு, அன்னாசிப்பூத் தைலம்: ஆன்டிஆக்ஸிடன்ட் சரி, ஈரலுக்கு நல்லது என்று சொல்லலாமா?

மசாலா_ஆச்சி (காரைக்குடி) கேட்டது:

மசாலாப் பொடி அரைத்து விற்கிறோம். கிராம்பு, அன்னாசிப்பூ, பட்டை, சோம்பு, ஓமம் எல்லாம் மூட்டையாக வருவதால் சலிக்கும்போது ஒடிசலும் காம்பும் நிறையக் கழிகிறது. அதைக் கொட்டாமல் தைலம் வடிக்கலாம் என்று ஒரு லிட்டர் பிளாஸ்க், அதைச் சூடாக்கும் ஹீட்டிங் மேன்டில், வடியும் எண்ணெயைத் தண்ணீரிலிருந்து பிரித்து அளக்கும் கிளெவஞ்சர் என்ற கண்ணாடிக் கருவி எல்லாம் வாங்கியாயிற்று.

கிராம்பு போட்டால் குழாயில் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் நிற்கிறது, எண்ணெய் பிரிந்து மேலே வருவதில்லை. அன்னாசிப்பூவுக்கு ஐஸ் தண்ணீர் ஓட்டினால் கண்டென்சருக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொள்கிறது. ஐஸ் இல்லாமல் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை விட்டால் அறை முழுக்க வாசனை, குழாயில் ஒன்றுமில்லை.

அடுத்தது. கல்லூரிப் பிள்ளைகள் டிபிபிஹெச் சோதனை செய்து பார்த்ததில் கிராம்புத் தைலம் பிரமாதம், அன்னாசிப்பூத் தைலம் கிட்டத்தட்ட சைபர் என்று வந்திருக்கிறது. இது சரிதானா, சோதனையில் கோளாறா? கிராம்பு இவ்வளவு நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் பாட்டிலில் ‘ஈரலைப் பாதுகாக்கும்’ என்று போடலாமா? எலிகளில் பார்த்த கட்டுரைகள் நெட்டில் நிறைய இருக்கின்றனவே. தெரிந்த பெரியவர் ஒருவருக்கு ஃபேட்டி லிவர். வெந்நீரில் எத்தனை சொட்டு விட்டுக் கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள்.

கோட்டையூர்_வாலை:

ஆச்சி, மூணு கோளாறுக்கும் மூணு காரணம். தைலத்தைக் குடிக்கிற விஷயத்தை மத்தவங்க சொல்லட்டும், நான் வடிக்கிறதை மட்டும் சொல்றேன்.

கிராம்புத் தைலம் தண்ணியை விடக் கனம். அடர்த்தி 1.04-லிருந்து 1.06 வரைக்கும் இருக்கும். கிளெவஞ்சர்ல மிதக்குற எண்ணெய்க்கு ஒரு வகை, மூழ்குற எண்ணெய்க்கு ஒரு வகை உண்டு. கடையில பொதுவா கிளெவஞ்சர்னு கேட்டா மிதக்குற வகையைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. அதுல கிராம்பை ஓட்டினா தைலம் அடியில இறங்கி, திரும்புகுழாய் வழியா மறுபடி பிளாஸ்க்குக்கே போயிடும். பட்டைத் தைலமும் தண்ணியை விடக் கனம்தான், அதுக்கும் இதே கதி. கனத்த எண்ணெய்க்கான வகையை வாங்குங்க. இல்லேன்னா கிளெவஞ்சரை விட்டுட்டு, சாதாரண கண்டென்சர்ல வடிச்சு வர்ற பால்தண்ணியை மொத்தமாப் பிடிச்சு, 100 மி.லி.க்கு 20 கிராம் கல்லுப்பு கரைச்சு, பிரிபுனல்ல ரெண்டு மணி நேரம் விடுங்க. உப்புத்தண்ணி தைலத்தை விடக் கனமாயிடுறதால இப்ப தைலம் மேல வந்து நிக்கும். கிராம்புத் தைலத்துல பெரும்பங்கான யூஜெனால் தண்ணியில கொஞ்சம் கரையும், லிட்டருக்கு சுமார் 2.5 கிராம். உப்பு போட்டா அதுலயும் ஒரு பங்கு வெளிய வந்துடும்.

அளவு: ஒரு லிட்டர் பிளாஸ்க்குக்கு கிராம்பு 25 கிராமுக்கு மேல வேண்டாம், தண்ணி 400 மி.லி. நல்ல மொட்டுல 15-லிருந்து 20 சதவீதம் தைலம் இருக்கும். 50 கிராம் போட்டா அளவுக்குழாய் நிரம்பி வழியும். சலிச்சுக் கழிச்ச காம்புல 5, 6 சதவீதம்தான், ஆனா அதுல யூஜெனால் பங்கு மொட்டை விடக் கூடுதல். அன்னாசிப்பூ 50 கிராமுக்கு 2.5-லிருந்து 4 மி.லி. எதிர்பார்க்கலாம். பட்டை 100 கிராம் போட்டாலும் ஒரு மி.லி. வந்தாப் பெருசு.

மிக்ஸியில மாவா அரைக்காதீங்க. ஜார் சூடாகி வாசனை மூடியைத் திறக்கும்போதே போயிடும். மாவு பிளாஸ்க் அடியில ஒட்டித் தீயும், மேல நுரை கட்டி கண்டென்சருக்கே ஏறும். விட்டுவிட்டு ரெண்டு மூணு தடவை சுத்தி, ரவைக்கும் பெருசா கொரகொரன்னு இருந்தாப் போதும். பிளாஸ்க் பாதிக்கு மேல நிரம்பக் கூடாது. வடியுற வேகம் நிமிஷத்துக்கு 2, 3 மி.லி. கிராம்புக்கு நாலு மணி நேரம் ஓட்டணும்.

அன்னாசிப்பூ அடைக்கிறது ஏன்னா, அதுல பெரும்பங்கு அனெத்தோல். அது 20, 21 டிகிரியில உறைஞ்சுடும். ஐஸ் தண்ணி விட்டா கண்டென்சர் உள்சுவர்ல மெழுகு மாதிரி வெள்ளைப் படலமாப் பிடிச்சு வழி சுருங்கும். அது முழுசா அடைச்சா பிளாஸ்க்ல அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், ஆவி முகத்துல அடிக்கும். வெள்ளை தெரிஞ்ச உடனே மேன்டிலை அணைச்சுட்டுத் தண்ணியை மாத்துங்க. சோம்புக்கும் இதே கதை. ரெண்டுக்கும் 25, 28 டிகிரி தண்ணி போதும். கிராம்பு, பட்டைக்கு 20-க்குக் கீழ வச்சா நல்லது.

சித்திரை வைகாசியில நம்ம ஊர் மாடித் தொட்டித் தண்ணி மத்தியானம் கையை வைக்க முடியாது. அதை விட்டா ஆவி எப்படிக் குளிரும்? 100 லிட்டர் டிரம்மை நிழல்ல வச்சு, ஏர் கூலர்ல போடுற சின்ன மோட்டார் ஒண்ணை உள்ள இறக்கி, தண்ணியைச் சுத்தவிடுங்க. கிராம்பு ஓட்டுற அன்னைக்கு மட்டும் ஃப்ரீசர்ல வச்ச தண்ணி பாட்டில் நாலஞ்சை டிரம்முல போடுங்க. ஆவி கண்டென்சரோட கீழ்ப் பகுதியிலேயே தண்ணியாகணும். மேல் பாதிக் கண்ணாடி தொட்டா வெதுவெதுன்னு இருந்தா தைலம் வெளிய போகுதுன்னு அர்த்தம்.

ரப்பர் கார்க், ரப்பர் டியூப் எதுவும் ஆவி படுற இடத்துல கூடாது. யூஜெனால் ரப்பரை ஊதவச்சு இளக்கிடும், தைலத்துல ரப்பர் வாடையும் ஏறும். இரும்பு, தகரம் பட்டா கருத்துப்போகும். வடிச்சதும் நீரற்ற சோடியம் சல்ஃபேட் ஒரு சிட்டிகை போட்டு ஈரத்தை எடுத்துட்டு, பழுப்புக் கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் நிரப்பி வைங்க. குக்கர் விசில் குழாயில டியூப் சொருகி வடிக்கிற வீடியோவை யாராவது அனுப்பினா பார்த்துட்டு அழிச்சிடுங்க. ஒரு கிராம்புத் துணுக்கு வந்து குழாயை அடைச்சாப் போதும்.

இன்னொண்ணு, மூட்டையில வர்ற கிராம்பு ஏற்கெனவே தைலம் எடுத்ததாவும் இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணியில பத்து மொட்டைப் போடுங்க. நல்லது அடியில போகும், எடுத்தது மிதக்கும். நகத்தால மொட்டுக்குக் கீழ அழுத்துனா நல்லதுல எண்ணெய் கசியணும்.

சோதனைக்குழாய்:

அன்னாசிப்பூவுக்கு சைபர் வந்தது கோளாறு இல்லை, எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ரேடிக்கல் என்பது ஜோடி இல்லாத எலெக்ட்ரானோடு மற்றதைத் தாக்கத் துடிக்கும் துகள். டிபிபிஹெச் ஊதா நிறமான, நிலையாக நிற்கும் ஒரு ரேடிக்கல். எளிதில் ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கும் பொருள் சேர்ந்தால் மஞ்சளாக வெளுக்கிறது. அந்த வெளுப்பை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். 1958-இல் வெளியான முறை. மலிவு, சுலபம் என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். யூஜெனாலிலும் ஓமத்தின் தைமாலிலும் ஃபீனால் ஹைட்ராக்சில் இருக்கிறது, அதிலிருந்து ஹைட்ரஜன் கிடைக்கிறது. அனெத்தோலில் அந்த இடத்தில் மீத்தாக்ஸி உட்கார்ந்திருக்கிறது, கொடுக்க ஒன்றுமில்லை. கொத்தமல்லியின் லினலூல், யூகலிப்டஸின் சினியோல் எல்லாம் இந்தச் சோதனையில் இப்படித்தான் படுத்துவிடும். ஆனால் ஓமத்திலும் சீரகத்திலும் இருக்கும் காமா-டெர்பினீனை டிபிபிஹெச் சரியாகக் காட்டாது. எண்ணெய் கெட்டுப்போகும் சங்கிலியை அது வேறு வழியில் அறுக்கிறது. ஆகவே ஒரே சோதனையை வைத்து ஒரு தைலத்தை நல்லது, கெட்டது என்று தள்ளிவிட முடியாது.

பிள்ளைகள் செய்த முறையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிபிபிஹெச் 3.94 மி.கி., மெத்தனால் 100 மி.லி.: இது 0.1 மில்லிமோலார். அன்றன்றைக்குக் கரைத்து அலுமினியத் தாள் சுற்றி வைக்க வேண்டும். தனியாக வைத்தால் ஒளி உறிஞ்சல் அளவீடு 1.1-ஐ ஒட்டி வர வேண்டும், 0.8 வந்தால் டிபிபிஹெச் பழசு அல்லது எடையில் பிழை. தைலம் 10 மி.கி.யை 10 மி.லி. மெத்தனாலில் கரையுங்கள். அதில் 0.1 மி.லி. எடுத்து 3 மி.லி. டிபிபிஹெச்சில் விட்டால் கடைசிச் செறிவு மி.லி.க்கு 32 மைக்ரோகிராம். பாதி பாதியாக நீர்க்கச் செய்து 16, 8, 4, 2, 1 வரை போங்கள். கிராம்புக்கு இந்த வரிசை சரியாக இருக்கும். அன்னாசிப்பூவுக்கு மில்லிகிராம் கணக்கில் போனால்தான் ஏதாவது அசையும். இருட்டில் 30 நிமிடம். வெறும் மெத்தனால் 0.1 மி.லி. விட்ட குழாய்தான் கட்டுப்பாடு. கட்டுப்பாட்டின் அளவிலிருந்து மாதிரியின் அளவைக் கழித்து, கட்டுப்பாட்டால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். வைட்டமின் சி அல்லது பிஹெச்டி (BHT என்ற செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்) ஒன்றை அதே நாளில் கூடவே ஓட்டாத முடிவை நான் பார்க்கவே மாட்டேன்.

தவறு நுழையும் இடங்கள் தெரிந்தவைதான். தைலத்தைச் சொட்டுக் கணக்கில் எடுப்பார்கள். ஒரு மி.லி.க்கு 20 சொட்டும் வரும், 40 சொட்டும் வரும், துளிப்பானைப் பொறுத்தது. எடைதான் போட வேண்டும். மெத்தனாலுக்குப் பதில் தண்ணீர் கலந்த பஃபரை விட்டால் தைலம் பிரிந்து கலங்கும், கலங்கலும் ஒளியை மறைக்கும், நல்ல தைலம்கூட மோசமாகத் தெரியும். பாலிஸ்டைரீன் கியூவெட்டில் (கருவியில் வைக்கும் சிறு அளவுக்குப்பி) தைலம் அதிகச் செறிவில் இருந்தால் சுவரே மங்கிவிடும், கண்ணாடி கியூவெட்தான் சரி. பட்டைத் தைலத்துக்குச் சொந்த மஞ்சள் நிறம் உண்டு, டிபிபிஹெச் இல்லாமல் தைலம் மட்டும் விட்ட ஒரு குழாயின் அளவைக் கழிக்க வேண்டும்.

கடைசிச் செறிவைச் சொல்லாமல் ஐசி50 (ரேடிக்கலில் பாதியை அணைக்கத் தேவையான அளவு) என்று ஒரு எண்ணை மட்டும் எழுதும் கட்டுரைகளை ஒதுக்கிவிடுங்கள். 10 மி.லி. கரைசலில் விட்டதா 3 மி.லி.யில் விட்டதா என்று தெரியாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

கலங்கல் தொல்லையே இல்லாமல் பார்க்க மின்வேதி முறை ஒன்று உண்டு. யூஜெனால் எந்த மின்னழுத்தத்தில் எலெக்ட்ரானை இழக்கிறது என்று வோல்டாமெட்ரியில் நேரடியாகத் தெரிந்துவிடும். மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கும் ஊரில் வசித்துக்கொண்டு எல்லோரும் டிபிபிஹெச்சையே கட்டி அழுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

மசாலா_ஆச்சி:

மிகவும் நன்றி. அப்படியானால் கிராம்பின் எண் உண்மை. அது ரேடிக்கலைத் தின்னும் என்றால் ஈரலில் போயும் தின்னாதா? இன்னொன்று, கீழாநெல்லி இங்கே மழை விட்டால் வயல் வரப்பெல்லாம் கிடக்கிறது. அதையும் வடித்துத் தைலமாக்கலாமா?

மருந்தியல்_தேவகோட்டை:

ஆச்சி, கீழாநெல்லியை முதலில் முடித்துவிடுகிறேன். அதை வடித்துப் பயனில்லை. பேசப்படும் பொருள்களான ஃபில்லாந்தின் வகையறாவும் டானின்களும் ஆவியில் ஏறாதவை. மஞ்சளின் குர்குமின், மிளகின் பைப்பரின், இஞ்சியின் காரம் எல்லாமே அப்படித்தான், பிளாஸ்க்கிலேயே தங்கிவிடும். மிளகுத் தைலத்தை நாக்கில் வைத்தால் காரமே இருக்காது. ஈரல் ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு வைக்கும் சிலிமாரினும் ஆவியாகாத பொருள். ஆக, ஒரு செடியைப் பற்றிய நற்பெயரை அதன் தைலத்துக்கு மாற்றி எழுத முடியாது.

கீழாநெல்லியில் நடந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது. சென்னையில் ஹெபடைட்டிஸ் பி கிருமி சுமந்தவர்களுக்கு 30 நாள் கொடுத்த ஆய்வு 1988-இல் லான்செட்டில் வந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் மறைந்தது, போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த விளைவு திரும்ப வரவில்லை. மனிதர்களிடம் செய்த ஆய்வுக்கே இந்த நிலை என்றால், சோதனைக் குழாய் எண்ணை வைத்து லேபிள் அடிக்கலாமா என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது கிராம்பு. குழாயில் ரேடிக்கலை அணைப்பது யூஜெனாலின் ஃபீனால் ஹைட்ராக்சில். வாய் வழியாக உள்ளே போனதும் குடலும் ஈரலும் முதலில் பிடிப்பது அதே ஹைட்ராக்சிலைத்தான். குளுகுரோனைடு, சல்ஃபேட் ஏதாவது ஒன்றை அதில் மாட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. மனிதர்களுக்கு யூஜெனால் கொடுத்து அளந்ததில் 24 மணி நேரத்தில் 95 சதவீதம் சிறுநீரில் வந்துவிட்டது. மாறாத யூஜெனாலாக வந்தது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ரேடிக்கலை அணைக்க வேண்டிய கை முதலிலேயே கட்டப்பட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, ஈரல் செல்லுக்குள் அதன் சொந்தக் காப்புப் பொருளான குளுட்டதையோன் 5 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கிறது. மைக்ரோமோலார் அளவில் வந்து சேரும் எந்த வெளிப்பொருளும் அதனோடு போட்டியிட முடியாது.

அப்படியானால் எலிகளில் எப்படி வேலை செய்கிறது? பெரும்பாலான ஆய்வுகளில் ஈரலைக் கெடுக்கக் கார்பன் டெட்ராகுளோரைடு அல்லது பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு தானாக ஈரலைக் கெடுப்பதில்லை. ஈரலில் இருக்கும் சைப் 2இ1 என்ற நொதி அதை உடைத்து டிரைகுளோரோமீத்தைல் ரேடிக்கலாக்குகிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து செல் சவ்வின் கொழுப்பைச் சங்கிலியாகக் கெடுக்கிறது, சவ்வு ஓட்டையாகி எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற ஈரல் நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. பாராசிட்டமாலிலும் பாதி வழி இதுதான்: நொதிகள் அதை நாப்கி என்ற நச்சாக்கும், குளுட்டதையோன் தீர்ந்தபின் அது புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். தைலத்தை முன்கூட்டியே ஒரு வாரம் கொடுத்துவிட்டு நஞ்சைக் கொடுத்தால், தைலம் அந்த நொதியை மட்டும் மந்தப்படுத்தினால்கூட எஸ்ஜிபிடி குறைவாகத்தான் வரும். நஞ்சே உருவாகவில்லை, அதைப் ‘பாதுகாத்தது’ என்று எழுதிவிடலாம். குடியாலும் சர்க்கரையாலும் உடல் எடையாலும் வருடக்கணக்கில் கொழுப்பு ஏறிய மனித ஈரலுக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. நஞ்சு கொடுத்த பிறகு தைலம் கொடுத்தார்களா, ஈரல் திசுவை வெட்டிப் பார்த்தார்களா, தைலத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் சோதனையின் முடிவைச் சொன்னார்களா, இந்த மூன்றும் இல்லாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

அளவுக் கணக்கு இன்னும் மோசம். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்பது இத்தகைய ஆய்வுகளில் சாதாரணம். எலி அளவை மனித அளவாக்க 6.2-ஆல் வகுக்கிறோம்: கிலோவுக்கு 32 மி.கி. அறுபது கிலோ ஆளுக்கு 1.9 கிராம், ஏறக்குறைய 1.8 மி.லி. தைலம், அதுவும் தினமும். யூஜெனாலுக்கு உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு வைத்திருக்கும் அன்றாட உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மி.கி. அதே ஆளுக்கு 150 மி.கி. தைலத்தில் 80 சதவீதம் யூஜெனால் என்று வைத்தால், எலிக் கணக்கு அந்த வரம்பைப் போல் பத்து மடங்கு.

நாலு பேர் சாப்பிடும் குழம்பில் நாலு கிராம்பு போட்டால், மொத்த எடை அரை கிராமுக்குள், தலைக்குப் பத்துப் பன்னிரண்டு மி.கி. யூஜெனால். அது உணவு, அதில் கவலை இல்லை. தைலத்தின் ஒரு மி.லி. என்பது 800 மி.கி.க்கு மேல்.

அந்த அளவு தாண்டினால் அடிபடுவது ஈரல்தான். யூஜெனால் அதிகமாகும்போது அதன் ஒரு பகுதி குவினோன் மீத்தைடாக மாறிக் குளுட்டதையோனைத் தின்கிறது, பாராசிட்டமால் கதை போலவே. 5, 10 மி.லி. கிராம்புத் தைலம் குடித்துவிட்ட சிறு குழந்தைகள் நினைவிழந்து, ஈரல் செயலிழந்து, என்-அசிட்டைல் சிஸ்டைன் என்ற முறிமருந்து கொடுத்துக் காப்பாற்றப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பட்டையின் சின்னமால்டிஹைடும் இரண்டு பக்கம் உள்ள பொருள். சிறு அளவில் அது செல்லின் என்ஆர்எஃப்2 என்ற விசையைத் தட்டி, காப்பு நொதிகளைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கும். தாவரப் பொருள்களில் உண்மையிலேயே ஏதாவது ஈரல் காப்பு இருந்தால் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் இருக்கும், நேரடியாக ரேடிக்கலைப் பிடித்து அல்ல. அளவு கூடினால் அதே பொருள் குளுட்டதையோனைக் காலி செய்யும்.

பட்டையைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. கடையில் கிடைக்கும் தடித்த பட்டை காசியா. அதில் கூமரின் கிலோவுக்குப் பல கிராம் வரை இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி., அறுபது கிலோவுக்கு 6 மி.கி. கிலோவுக்கு 3 கிராம் கூமரின் இருக்கும் பட்டையில் 2 கிராம் பொடியே அந்த வரம்பைத் தொட்டுவிடும். சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கும் என்பதற்கு இதுவே காரணம். மெல்லிய சுருள் பட்டையில் கூமரின் மிகச் சொற்பம். துளசித் தைலத்திலும் கவனம் வேண்டும்: சில துளசி வகைகளில் மெத்தில் யூஜெனால் அதிகம், அதை 2023-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ பிரிவுக்கு உயர்த்தியது.

அந்தப் பெரியவருக்கு: எத்தனை சொட்டு என்றால், சைபர். ஃபேட்டி லிவருக்கு நிரூபணம் உள்ளது எடைக் குறைப்பு. 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ ஆளுக்கு ஆறேழு கிலோ. மது இருந்தால் நிறுத்த வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் கிராம்புத் தைலம் இன்னும் ஆபத்து. கண் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறம், கால் வீக்கம், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாட்டு மருந்துக் கடைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்:

அண்ணே, ஆயா காலத்துல இருந்து பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கிறோம், பிள்ளைக்கு வயிறு உப்புசம்னா ஓமத்தண்ணி கொடுக்கிறோம். எல்லாத்தையும் விஷம்ங்கிற மாதிரி இருக்கே?

மருந்தியல்_தேவகோட்டை:

தம்பி, பல்லுக்கு வைப்பது வேறு. பஞ்சில் ஒரு சொட்டு, அதையும் நல்லெண்ணெயில் நீர்க்கவிட்டு, சொத்தைக் குழியில் வைத்துச் சற்று நேரத்தில் துப்பிவிட வேண்டும். ஈறில் நேரடியாகப் பட்டால் வெந்துவிடும். ஒரு சொட்டுத் தைலம் ஏறக்குறைய 40 மி.கி., அதில் யூஜெனால் 30 மி.கி.க்கு மேல். பெரியவருக்குப் பொருட்டில்லை. பத்துக் கிலோ குழந்தைக்கு அன்றாட வரம்பே 25 மி.கி. என்று கணக்குப் போட்டுப் பார். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் இதைத் தடவவே கூடாது.

ஓமத்தண்ணீர் என்பது ஓமத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டியது, திறந்த பாத்திரத்தில் தைமாலில் பாதி ஆவியாகிவிடும், மிச்சம் மில்லிகிராம் கணக்கில்தான். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அதுவும் தேவையில்லை. அதே ஓமத்தின் தைலத்தையோ, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்பையோ தண்ணீரில் கரைத்தால் ஓமத்தண்ணீர் ஆகிவிடாது. கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் இரண்டும் குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைப்பவை, மூக்கடைப்புக்கு மூக்கருகில் தடவுவதுகூட வேண்டாம். யாராவது தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுக்கும்போது தைலம் நுரையீரலுக்குள் போனால் அது தனிப் பிரச்சினை.

லேபிள்_கணக்கு:

சட்டப் பக்கம் கொஞ்சம். மசாலாவுக்கு எடுத்த எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தை வைத்துக்கொண்டு ஈரலைப் பாதுகாக்கும் என்று பாட்டிலில் போட முடியாது. உணவு விளம்பரம், உரிமைகோரல் குறித்த 2018 விதிமுறைப்படி உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்வதற்குத் தடை. சித்த மருந்தாக விற்பதென்றால் தனி உரிமம், 25-டி படிவம். மருந்துச் சட்ட விதிகளின் அட்டவணை ஜே, குணப்படுத்தும் என்று உரிமைகோரக் கூடாத நோய்களின் பட்டியல். மஞ்சள் காமாலை, ஹெபடைட்டிஸ், ஈரல் கோளாறுகள் அதில் இருக்கின்றன. வாட்ஸ்அப் படத்தில் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான். ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்று மட்டும் போட்டால் தப்பிக்கலாம் என்று அச்சகத்தில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த அடிப்படையில் என்று கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும். டிபிபிஹெச் தாள் அதற்குப் போதாது.

தைலத்தை வாசனைப் பொருளாக விற்கும்போது போட வேண்டியவை: தாவரப் பெயர், எந்தப் பாகம் (மொட்டா, காம்பா), தொகுதி எண், வடித்த தேதி, நிகர அளவு, ‘உட்கொள்ளக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்ற வரி தமிழில் பெரிதாக.

மசாலா_ஆச்சி:

குடிக்கும் யோசனையை விட்டாயிற்று, பெரியவரிடமும் சொல்லிவிடுகிறோம். அன்னாசிப்பூவில் போலி வருகிறது என்கிறார்களே, தைலம் வடித்தால் அதுவும் சேர்ந்து வருமா?

சோதனைக்குழாய்:

ஜப்பானிய அன்னாசிப்பூ என்பது வேறு இனம், அனிசாட்டின் என்ற நரம்பு நச்சு அதில் உண்டு. அனிசாட்டின் ஆவியில் ஏறாது, ஆனால் மூட்டையில் கலந்திருந்தால் உங்கள் மசாலாப் பொடியில் நேராகப் போய்ச் சேரும், அதுதான் பெரிய கவலை. நம் அன்னாசிப்பூவுக்குப் பெரும்பாலும் எட்டு இதழ், சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். மற்றது சிறுத்து, முனை கூர்ந்து வளைந்து, சோம்பு மணம் இல்லாமல் இருக்கும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, ஒடிந்த துண்டில் சுத்தமாக முடியாது. இங்கே தைலம் உங்களுக்கு உதவும்: மூட்டைக்கு ஒரு மாதிரி வடித்து ஜிசி-எம்எஸ் பாருங்கள். நல்ல அன்னாசிப்பூத் தைலத்தில் அனெத்தோல் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். அது சரிந்து வேறு கூறுகள் தலைதூக்கினால் அந்த மூட்டையை அரைக்காதீர்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் வெளியார் மாதிரிகளை எடுத்துக்கொள்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில், டெஃப்லான் அடைப்பு போட்ட மூடியோடு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் குப்பியில் போனால் பிளாஸ்டிக்கைக் குழைவாக்கச் சேர்த்த தாலேட்டும் கூறுகளில் ஒன்றாக வந்து நிற்கும்.

கோட்டையூர்_வாலை:

அந்த மாதிரிக்கு 50 கிராம் எடுக்கும்போது மூட்டையோட மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் கைவிட்டு எடுங்க ஆச்சி. கலப்படம் பண்றவன் மேல நல்லதைத்தான் வைப்பான். தண்ணி 500 மி.லி., மூணு மணி நேரம், கண்டென்சர் தண்ணி 25-க்குக் கீழ போக வேண்டாம்.